நாலாம் மேசைப் பெரியவரின் வலது கை

பூதலிங்கம் இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்தவர். குடல், பித்தப்பை, கல்லீரல் என்று எத்தனையோ ஆயிரம் வயிறுகளைத் திறந்து மூடிய அறுவை மருத்துவர். நாற்பத்தொன்பதாவது வயதில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது.

பெரிய நோய் ஒன்றுமில்லை என்று நரம்பு மருத்துவர் சொன்னார். எங்காவது ஊன்றி வைத்தால் கை சும்மா இருக்கும். எதையாவது பிடித்து அந்தரத்தில் நிறுத்தினால் ஆடும். காப்பி டம்ளரைச் சமாளித்துவிடலாம். கத்தியைச் சமாளிக்க முடியாது.

யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே அறுவை அரங்கை விட்டு வெளியே வந்துவிட்டார். தெற்கத்தி மாவட்டம் ஒன்றில் இருந்த அரசு மருத்துவக் கல்லூரியில், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதவி ட்யூட்டர். அந்தத் துறையில் அதற்குக் கீழே பதவி இல்லை.

துறைத் தலைவர் டாக்டர் ஹெப்சிபா. பூதலிங்கத்தைவிட ஏழு வயது இளையவர். ஒல்லியான உருவம். பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்.

முதல் நாள் பூதலிங்கம் அவர் அறைக்குப் போய் ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்.

"உடம்பு எனக்குத் தெரியும் மேடம். சொல்லிக்குடுக்கத் தெரியாது. எப்படிச் சொல்லிக்குடுக்கணும்?"

ஹெப்சிபா கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு வாரம் என்கூட நில்லுங்க சார்."

நின்றார். கூடத்தில் பத்து இரும்பு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஈரத்துணி போர்த்திய உடல். மூக்கை அரிக்கும் மருந்து நெடி. மேசைக்குப் பத்துப் பேர் வீதம் நூறு பிள்ளைகள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடியும்.

ஹெப்சிபா மேசை மேசையாகப் போவார். ஒரு பையன் எதையோ இடுக்கியால் தூக்கிப் பிடித்து, "இது என்ன மேடம்?" என்பான்.

"என்ன மாதிரி இருக்கு?"

"நரம்பு மாதிரி."

"ரத்தக்குழாயா இருந்தா?"

"அமுக்கினா உள்ள பொள்ளலா இருக்கும்."

"அமுக்கிப் பாத்தியா?"

அவன் அமுக்கிப் பார்ப்பான். ஹெப்சிபா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறவரை நிற்பார். பிறகு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவன் கண்டுபிடித்தது சரியா தவறா என்றுகூடச் சொல்ல மாட்டார்.

பூதலிங்கத்துக்கு ஒரு வாரமும் எரிச்சலாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் இந்த அம்மாள் சொன்னது பத்து வாக்கியம்கூடத் தேறாது. நான் இருந்தால் ஐம்பது விஷயம் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவரிடம் மூன்று, நான்கு, ஐந்தாம் மேசைகளை ஒப்படைத்தார்கள். அவர் ஐம்பது விஷயம் சொன்னார்.

நன்றாகவே சொன்னார். கரும்பலகையில் இடது கையால் வண்ணச் சுண்ணாம்புக்கட்டி பிடித்து, தோள்பட்டையில் இருந்து விரல்நுனி வரை ஒரே மூச்சில் வரைவார். கல்லூரிக்குப் புதிதாக ஒரு திரைமேசை வந்திருந்தது. ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் திரை. விரலால் தொட்டால் தோல் விலகும், தசை விலகும், உள்ளே தமனிகள் சிவப்பாகவும் நரம்புகள் மஞ்சளாகவும் ஒளிரும். அதையும் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். எந்த நரம்பு அறுபட்டால் எந்த விரல் அசையாமல் போகும் என்று தாம் பார்த்த நோயாளிகளின் கதையோடு சொல்வார். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள்.

வலது கையை வெள்ளைக் கோட்டின் பையிலேயே வைத்திருப்பார். கத்தியை மட்டும் தொடமாட்டார்.

நாலாம் மேசையில் கிடந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். உயிரோடு இருக்கும்போதே தம் உடலைக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தவர். துறை உதவியாளர் இசக்கி அவரை எப்போதும் 'பெரியவர்' என்றுதான் சொல்வார். "பெரியவருக்குத் துணி காஞ்சிட்டுது, தண்ணி தெளிங்க" என்பார். பிள்ளைகளுக்கும் அதே பேச்சு வந்துவிட்டது.

அந்த மேசையில் ஐந்து பேர் இடது கையையும் ஐந்து பேர் வலது கையையும் அறுத்தார்கள். வலது கைப் பக்கம் முத்துப்பேச்சி என்று ஒரு பெண் இருந்தாள். உப்பளத்து ஊர். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவள். அந்த ஊரில் இருந்து மருத்துவம் படிக்க வந்த முதல் ஆள். பேசமாட்டாள். ஆனால் மற்றவர்கள் எழுதும்போது அவள் மட்டும் உடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதாமல் நிற்கிறாளே என்று பூதலிங்கம் இரண்டு தடவை அதட்டியிருக்கிறார்.

அன்று புதன்கிழமை. மேல்கைப் பாடம். அக்குளில் இருந்து இறங்கி, மேல்கையின் உட்பக்கத்தில் உள்ள சிறிய தசை ஒன்றை ஊசி துணியில் ஏறுவதுபோல் துளைத்துக்கொண்டு போகும் ஒரு நரம்பு உண்டு. முழங்கையை மடக்கும் தசைகளுக்கெல்லாம் அதுதான் ஆணை கொண்டுபோவது. அதன் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாத நீளம். பிள்ளைகள் தங்களுக்குள் 'துளைக்கிற நரம்பு' என்று சொல்லிக்கொண்டார்கள்.

"தசையைப் பிடிச்சா நரம்பு கிடைச்சிடும்," என்றார் பூதலிங்கம். "எல்லாரும் கண்டுபிடிங்க."

இடது கைப் பக்கத்தில் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். வலது பக்கத்தில் கத்தி முத்துப்பேச்சியிடம் இருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"சார்," என்றாள். "இங்க இல்ல சார்."

"எது?"

"நரம்பு."

பூதலிங்கம் சிரித்தார். "எதிர்க்கையில இருக்கு பாரு. இங்க மட்டும் எங்க ஓடிப்போகும்? நல்லாத் தேடு."

ஐந்தாம் மேசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். சிறிய தசை நார் நாராகக் கிழிந்து கிடந்தது. மற்ற நான்கு பிள்ளைகளும் ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"உள்ள இருக்குமோன்னு..."

"அறுத்துட்ட!" அவருடைய குரல் கூடத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. அறுவை அரங்கில் இருபத்திரண்டு வருடம் பழகிய குரல். "உயிருள்ள ஆளா இருந்தா இனிமே சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாது. அறுத்ததும் இல்லாம, இல்லைன்னு வேற சொல்ற. புத்தகத்துல இருக்கு, எதிர்க்கையில இருக்கு, உன் கண்ணுலதான் இல்ல!"

அவர் குனிந்து பார்க்கவில்லை.

முத்துப்பேச்சி கத்தியைத் தட்டில் வைத்தாள். பெரியவரின் கையை ஈரத்துணியால் மூடினாள். நுனிகளை உள்ளே செருகினாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

வியாழன் அவள் வரவில்லை. வெள்ளி வரவில்லை. விடுதியில் விசாரித்தபோது பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. படிப்பை நிறுத்திக்கொள்வதாக அவள் எழுதியிருந்தாள். கீழே அப்பாவின் கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் போட்டது.

ஹெப்சிபா அந்தக் கடிதத்தைத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் முதல்வர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பூதலிங்கம் அவர் எதிரே போய் உட்கார்ந்தார். அவருக்கு முந்தின நான்கு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தாம் செய்தது தவறு என்றும் தோன்றவில்லை.

"நான் சொன்னது தப்பா மேடம்? நரம்பை அறுத்தா, அறுத்தேன்னுதான் சொல்லணும். நாளைக்கு இவங்க கையில உயிரைக் குடுக்கப்போறோம்."

"ஆமா சார்."

"எனக்கு இதைவிட மோசமாத் திட்டு விழுந்திருக்கு. நான் ஓடிப்போகலை."

"சரி சார்."

"அப்ப எப்படித்தான் சொல்லிக்குடுக்கணும்னு சொல்லுங்களேன்!"

ஹெப்சிபா இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நரம்பு அறுபட்டா ரெண்டு நுனி இருக்கும் இல்லையா சார்? ரெண்டையும் தேடி எடுத்து, நுனிக்கொரு நூல் கட்டிக் குடுங்க. அறுபட்ட நரம்பு எப்படி இருக்கும்னு பிள்ளைங்க பார்க்கட்டும்."

பூதலிங்கம் நூல்கண்டைப் பார்த்தார்.

"யாராவது பட்டமேற்படிப்பு மாணவர்கிட்ட..."

"நீங்களே பண்ணுங்க."

"மேடம், என் கை..." அதுவரை அந்தக் கல்லூரியில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தெரியும் சார். அவசரம் ஒண்ணும் இல்ல. பெரியவர் காத்திருப்பார்."

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு பூதலிங்கம் நாலாம் மேசைக்கு வந்தார். இசக்கி விளக்கை இறக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பூதலிங்கம் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இடுக்கியை எடுத்தார். நுனி, காற்றில் ஈ பறப்பதுபோல் ஆடியது. கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி ஆடியது.

கடைசியில் மணிக்கட்டைப் பெரியவரின் விலா எலும்பின்மேல் ஊன்றினார். நடுக்கம் அடங்கியது.

"இப்ப சரியா இருக்கா அய்யா?" என்றார் இசக்கி, எங்கோ பார்த்துக்கொண்டு.

"இருக்கு."

கிழிந்த தசையை நார் நாராகப் பிரித்தார். இருபத்திரண்டு வருடமும் அவர் வேகத்துக்குப் பேர்போனவர். இப்போது ஒரு நாரைப் புரட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அப்படி நிதானமாக ஒரு தசையை அவர் பார்த்ததே இல்லை. இரண்டு மணி நேரம் தேடினார். கீழ்நுனி கிடைக்கவில்லை. நைந்து போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை மேலே இருந்து தேடினார். அக்குளில் நரம்புகள் பின்னலிட்டுக் கிடக்கும் இடத்தில் இருந்து, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டு இறங்கினார். துளைக்கிற நரம்பு பிரிய வேண்டிய இடம் வந்தது. அங்கே அறுபட்ட முனை இல்லை. முனை இருந்த தடமும் இல்லை. வழவழவென்று இருந்தது. மேசையைச் சுற்றிப் போய் இடது கையைப் பார்த்தார். அங்கே அது அழகாகப் பிரிந்து தசையில் ஏறியது. திரும்பி வந்து வலது கையைப் பார்த்தார். அன்று அதற்குமேல் எதையும் தொடவில்லை.

வியாழக்கிழமை, கையின் நடுவே இறங்கும் பெரிய நரம்பைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். மேல்கையின் பாதியில், புத்தகத்தில் எதுவும் பிரியாத இடத்தில், அதில் இருந்து ஒரு கிளை பிரிந்து மடக்கும் தசைக்குள் போயிற்று. துளைக்கிற நரம்பு செய்ய வேண்டிய வேலையை அந்தக் கையில் பெரிய நரம்பே ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கையோடுதான் பெரியவர் எழுபது வருடத்துக்கு மேல் சோறு அள்ளிச் சாப்பிட்டிருக்கிறார். அவருக்கே தெரியாது.

பூதலிங்கம் சிவப்பு நூலை அப்படியே கொண்டுபோய் ஹெப்சிபாவின் மேசையில் வைத்தார்.

"நுனி கிடைக்கலை மேடம்."

"எந்த நுனி சார்?"

"ரெண்டும்."

ஹெப்சிபா அவரைப் பார்த்தார்.

"நரம்பே இல்ல," என்றார் பூதலிங்கம்.

ஹெப்சிபா எழுந்து கூடத்துக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். எதிர்க்கையையும் பார்த்தார்.

"ஆமா சார். இல்ல."

"நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு இப்படி இருக்கும்னு நானே படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதிக்கூட இருக்கேன்." ஈரத்துணியை இழுத்துப் பெரியவரின் கையை மூடினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதை வச்சு என்னைத் தேடச் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு இல்லன்னு சொன்னாளே சார். ஆறாம் மேசை வரைக்கும் கேட்டுச்சு."

பூதலிங்கம் அறைக்குத் திரும்பி, கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினார். அப்பா எடுத்தார். பிள்ளை பேசமாட்டேன் என்கிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பூதலிங்கம் இன்னொரு தடவை கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

ஹெப்சிபாவிடம் வந்து, "லெட்டர் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"போடலாம் சார்," என்றார் ஹெப்சிபா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை பூதலிங்கம் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது கண் கூசியது. பார்த்த இடமெல்லாம் வெள்ளைக் குவியல். வழி கேட்டபோது, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை வீடா என்று கேட்டு ஒருவர் கூடவே வந்து காட்டினார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. அப்பா சேர்மக்கனி வாசலுக்கு ஓடி வந்தார். பாதம் இரண்டும் உப்பில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் மூன்று தடவை துடைத்துப் போட்டார்.

"பிள்ளை ஏதும் தப்புப் பண்ணிட்டாளா அய்யா? கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா. அவுக அம்மைகூட அளத்துக்குப் போறா, வாறா. அம்புட்டுத்தான்."

"அவ ஒண்ணும் பண்ணலை. அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். தலையில் துண்டைக் கட்டியபடியே முத்துப்பேச்சி வந்தாள். அவரைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். முழங்கால் வரை உப்பு.

வழியெல்லாம் பூதலிங்கம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். இப்போது அதில் கடைசி வாக்கியம்தான் முதலில் வந்தது.

"நீ நரம்பை அறுக்கலை," என்றார்.

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அது மலரவில்லை.

"அறுத்தேன் சார்."

"இல்லம்மா. அந்தக் கையில அந்த நரம்பே இல்ல. மூணு நாள் உக்காந்து தேடிப் பார்த்தேன். நீ இல்லன்னு சொன்னதுதான் சரி."

"அறுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு சார். கத்தியில பட்டுது. நூல் மாதிரி. மஞ்சளா."

பூதலிங்கம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். பதம் செய்து வைத்த உடலில் நரம்பு மஞ்சளாக இருக்காது. மங்கிய வெள்ளையாக இருக்கும். மஞ்சள், படத்தில்தான். அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிய திரையில்தான்.

"அன்னைக்கே அதைப் பார்த்தியா?"

அவள் யோசித்தாள். "அன்னைக்கு இல்ல சார். நீங்க சொன்னதுக்குப் பொறவு. திரும்பத் திரும்ப நெனச்சுப் பார்த்தேன். நெனைக்க நெனைக்க நல்லாத் தெரிஞ்சுது." துண்டை இறுக்கிச் சுருட்டினாள். "அறுத்ததுகூட பெருசு இல்ல சார். அறுத்துட்டு இல்லன்னு சொல்லியிருக்கேனே. நாளைக்கு ஒரு ஆளுக்கு அப்படிப் பண்ணிட்டா? அதான் எனக்கு இது வேண்டாம்னு வந்துட்டேன்."

பூதலிங்கம் அவருடைய தொழிலில் சிலரைக் காப்பாற்ற முடியாமல் விட்டிருக்கிறார். அப்போதெல்லாம் வெளியே வந்து உறவுக்காரர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

"நான் அன்னைக்குக் குனிஞ்சு பார்க்கலை," என்றார். "பார்க்காமலே சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

சேர்மக்கனி பதறிப் போனார். "அய்யா, பெரிய வார்த்தை..."

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிதான் சார். நரம்பு இல்லதான்."

"அதுதான் வேண்டாங்கேன்!" பூதலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வலது கை பைக்கு வெளியே இருந்தது. விரல் நீட்டிய வேகத்தில் அது எல்லோருக்கும் தெரியும்படி நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை. "அறுத்துட்டன்னு சொன்னேன், அறுத்தேன்னு நம்பின. இல்லன்னு சொல்றேன், இல்லன்னு நம்புற. என் பேச்சு வேண்டாம். வந்து பாரு. பார்த்துட்டு அப்புறம் என்ன முடிவு வேணாலும் எடு. அந்த லெட்டரை நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையோடயா சார் மூணு நாள் தேடினீங்க?"

"ஆமா."

"எப்படி?"

"பெரியவர் நெஞ்சுல ஊனிக்கிட்டு."

அவள் சுருட்டிய துண்டைப் பிரித்து மடித்தாள். சேர்மக்கனி, "திங்கக்கிழம காலைல அஞ்சே காலுக்கு ஒரு வண்டி இருக்கு," என்று பொதுவாகச் சொன்னார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவள் நாலாம் மேசையில் நின்றாள். பூதலிங்கம் கிட்டே போகவில்லை. ஐந்தாம் மேசையோரம், நாலாம் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பது ஆறு மணி நேர அறுவையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐந்தாம் மேசைப் பையன் ஒருவன் பயந்துபோய், "சாருக்கு உடம்புக்கு முடியலையா?" என்று இசக்கியிடம் கேட்டான்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் கலைந்தார்கள். அவள் நகரவில்லை. ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள்.

"சார்."

போனார்.

"இல்ல சார்," என்றாள். பிறகு இன்னொரு தடவை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "இல்ல."

அவர் தலையசைத்தார்.

"ஆனா சார், பெரிய நரம்புல இருந்து கிளை ரெண்டு போகுது. ரெண்டாவது இங்க, அடித்தசைக்கு. நீங்க பார்த்தீங்களா?"

அவர் பார்த்திருக்கவில்லை. பார்த்ததாகச் சொல்லிவிடுவது சுலபம். அறுவை அரங்கில் அப்படி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"பார்க்கலை. காட்டு."

அவள் இடுக்கியால் மெல்லத் தூக்கிக் காட்டினாள். தலைமுடி கனத்துக்கு, மங்கிய வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பூதலிங்கம் மூக்கு மருந்தில் படுகிற அளவுக்குக் குனிந்தார். கண்ணில் நீர் கொட்டியது. நெடிதான்.

மறுநாள் ஹெப்சிபா மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்து முத்துப்பேச்சியிடமே கொடுத்தார். சனிக்கிழமை கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அலுவலகத்தில் அதை யாரும் கேட்கவில்லையா, கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு பூதலிங்கத்தின் மேசைகளில் சத்தம் மாறியது. அவர் இன்னும் கரும்பலகையில் வரைந்தார், திரையையும் தொட்டுக் காட்டினார். ஆனால் மேசைக்கு வந்துவிட்டால் பிள்ளைகள்தான் பேசினார்கள். தாம் தவறாகச் சொல்லிவிட்டதாக வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா நாளும் அவரால் அது முடியவில்லை. ஒரு நாள் ஒரு பையனின் கையில் இருந்து கத்தியைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மேல்கைப் பாடம் முடிந்து, காலுக்குப் போயிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு கலைந்தபின், கூடத்தின் ஓரத்துத் தொட்டியில் ஹெப்சிபாவும் அவரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேட்கணும் மேடம்."

"கேளுங்க சார்."

"நீங்க நிக்கிறது, பிள்ளைங்க சொல்றதைக் கேட்கிறது எல்லாம் நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இது எந்தப் பயிற்சியிலயும் சொல்லித் தர்றது இல்ல. உங்களுக்கு இதை யார் கத்துக்குடுத்தாங்க?"

ஹெப்சிபா விரல்களுக்கு இடையே சோப்புப் போட்டார்.

"என்கிட்ட படிச்ச ஒரு பையன் சார். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். பேர் சங்கிலிபூதம்."

"நல்ல கெட்டிக்காரனா?"

"தெரியாது. ரெண்டு மாசம்தான் இருந்தான். அவன் சொன்னதை நான் கேட்கலை, ஊருக்குப் போயிட்டான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பூதலிங்கம் கேட்டார்.

"இப்ப எங்க இருக்கான்?"

ஹெப்சிபா குழாயை மூடினார். கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

"தெரியல சார்," என்றார். "நான் பஸ் ஏறலை."